கணக்கில் வராதவர்கள்

மருத்துவமனைக்குப் போனவர்களில் எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள் என்பது யாரும் கேட்கக்கூடிய எளிய கேள்வி. இதயத் தமனி அடைப்புக்கான பைபாஸ் அறுவை சிகிச்சை 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வேரூன்றி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அன்றாடக் காரியமாகிவிட்ட பிறகே நியூயார்க் மாநிலம் அந்தக் கேள்வியை முறையாகக் கேட்கத் தொடங்கியது. 1989 முதல் அந்த மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்ட ஒவ்வொருவரின் விவரமும் சுகாதாரத் துறைக்குப் போனது. மருத்துவமனை வாரியாக இறப்பு விகிதங்கள் வெளியாயின. மருத்துவர் வாரியான கணக்கை மட்டும் அரசு தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்த்தது. ‘நியூஸ்டே’ நாளிதழ் நீதிமன்றம் சென்று 1991இல் அதையும் வாங்கி அச்சிட்டது. யாருடைய கத்திக்கு நெஞ்சைக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒரு வழக்கின் மூலமாகத்தான் கிடைத்தது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மறைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். ஒரு தொழிலின் உள்ளே இருப்பவர்களுக்கு அதன் தோல்விகள் விளக்கங்களோடுதான் தெரியும். வெளியே இருப்பவர்களுக்கு எண்ணாக மட்டுமே போய்ச் சேரும். அந்த இடைவெளி அவர்களை அச்சுறுத்தியது.

அந்த அச்சம் பழையது. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர், சிகிச்சை முடிந்து அனுப்பிய ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து சென்று, அவர் குணமானாரா, ஆகவில்லை என்றால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொன்னார். அவர் பணிபுரிந்த பெரிய மருத்துவமனை அதை விரும்பவில்லை. அவர் தனியாக ஒரு சிறு மருத்துவமனை நடத்தி, 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வெளியேறிய 337 நோயாளிகளில் தான் கண்ட 123 பிழைகளைத் தன் கைக்காசிலேயே அச்சிட்டுக் கொடுத்தார். பாராட்டுக்குப் பதிலாகத் தனிமை வந்து சேர்ந்தது. 1940இல் இறந்தார், அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது 2014இல். இன்று மருத்துவத் தரம் பற்றிய எந்த மாநாட்டிலும் அவர் பெயரைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதில்லை. தம்மை அளந்துகொண்ட ஒருவரை மதிக்க நமக்குப் பெரும்பாலும் அவருடைய பேரப்பிள்ளைகளின் காலம் வரை தேவைப்படுகிறது.

நியூயார்க்கின் கணக்கு பயன் தரவில்லை என்று சொல்ல முடியாது. வயது, இதயத்தின் வலு, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், முன்பு செய்த அறுவை என்று ஒவ்வொரு நோயாளியின் ஆபத்தையும் எடைபோட்டு, எதிர்பார்த்த இறப்போடு நடந்த இறப்பை ஒப்பிடும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். முதியவரையும் இளைஞரையும் ஒரே தராசில் வைக்காமல் இருக்க இது வேண்டும். அப்படிச் சரிசெய்த இறப்பு விகிதம் 1989இல் 4.17 சதவீதமாக இருந்து 1992இல் 2.45 சதவீதமாகக் குறைந்தது. அதில் எவ்வளவு மெய்யான முன்னேற்றம், எவ்வளவு மற்ற காரணங்கள் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்பதே சில இடங்களில் தூக்கத்தைக் கலைத்திருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. பிறகு இதே அளவுகோலை, மார்பைத் திறக்காமல் தமனிக்குள்ளேயே வேலை பார்க்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கும் கொண்டுவந்தார்கள். சிக்கல் முழுதாக வெளிப்பட்டது அங்கேதான்.

ஆஞ்சியோபிளாஸ்டியின் பிறப்பு நேர்மையான பிறப்பு. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக் நகரில், விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயத் தமனி அடைப்பை, மெல்லிய குழாயின் நுனியில் இருந்த பலூனை ஊதி விரித்தார் ஆந்திரியாஸ் குருன்ட்சிக். இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் 50 பேரின் விவரத்தை வெளியிட்டபோது, 32 பேரில் மட்டுமே அது பலித்தது என்றும், ஐந்து பேரை அவசரமாக பைபாஸுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது என்றும் மறைக்காமல் எழுதினார். அதே 1979இல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கான பதிவேடும் தொடங்கியது. அதாவது, தன்னை எண்ணிக்கொண்டே வளர்ந்த சிகிச்சை இது. மணிக்கட்டு வழியாகக் குழாயை நுழைத்து, ஒரு மணி நேரத்தில் தமனியைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பும் இன்றைய எளிமைக்குப் பின்னால், தோல்விகளை ஏட்டில் ஏற்றிய அந்தப் பழக்கமும் இருக்கிறது.

இனி ஒரு நள்ளிரவை எண்ணிப் பார்க்கலாம். மாரடைப்பு வந்து, இதயம் பாதிச் செயலிழந்து, ரத்த அழுத்தம் சரிந்து, கைகால் சில்லிட்ட நிலையில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். இந்த அதிர்ச்சி நிலையில் மருந்தோடு நிறுத்துவதா, அடைப்பை நீக்க முயல்வதா என்பதற்கு 1999இல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொன்னது. முதலில் மருந்தால் நிலைப்படுத்திப் பார்த்த குழுவில் ஆறு மாதத்துக்குள் 63.1 சதவீதம் பேர் இறந்தார்கள். உடனே அடைப்பை நீக்கியவர்களில் 50.3 சதவீதம். நூறு பேரில் பதின்மூன்று பேரைக் காப்பாற்றும் சிகிச்சை வேறு எத்தனை இருக்கிறது? ஆனால் அதே ஆய்வை மருத்துவரின் மதிப்பெண் பட்டியலில் வைத்துப் படித்தால் வேறொன்று தெரியும்: இப்படிப்பட்ட நோயாளியை ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கேத் லேபுக்குள் ஏற்றினால், பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவர் இறப்பு தன் பெயருக்கு எதிரே எழுதப்படும். ஏற்றாமல் விட்டால் அவர் இறந்தாலும் அது நோயின் கணக்கு.

2005இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க்கின் ஆஞ்சியோபிளாஸ்டி மருத்துவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்துக் கேட்டிருந்தார்கள். ஆபத்தான நிலையில் உள்ளவருக்குச் சிகிச்சை செய்வதா வேண்டாமா என்ற முடிவில் வெளியிடப்படும் இறப்பு விகிதம் செல்வாக்குச் செலுத்துகிறது என்று 79 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டார்கள். பயன்பெறக்கூடிய நோயாளிகளுக்கு இதனால் சிகிச்சை கிடைக்காமல் போகலாம் என்றார்கள் 83 சதவீதத்தினர். இவர்கள் இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மாறாக, மனசாட்சி உள்ளவர்களாக இருந்ததால்தான் ஒப்புக்கொண்டார்கள் என்றே கொள்ளலாம். 2012இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டில், இறப்பு விகிதத்தைப் பகிரங்கமாக வெளியிடும் நியூயார்க், மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா மாநிலங்களில் மாரடைப்பு வந்த முதியவர்களில் 37.7 சதவீதத்தினருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தது. வெளியிடாத மாநிலங்களில் 42.7 சதவீதத்தினருக்கு. மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாரும் கைவிடப்பட்டுச் செத்தார்கள் என்று கதை கட்ட இந்த எண்கள் இடம் தரவில்லை. ஆனால் இடைவெளி அதிகமாக இருந்தது மிக மோசமான நிலையில் வந்தவர்களிடம்தான். நியூயார்க் அரசு 2006இல் அதிர்ச்சி நிலை நோயாளிகளைப் பகிரங்கக் கணக்கிலிருந்து நீக்கியது. அதன் பிறகு அவர்களுக்குச் சிகிச்சை கிடைப்பது கூடியது. எண்ணுவதை நிறுத்தியதும் கவனிப்பு மேம்பட்டது என்ற முடிவு, தரத்தை அளக்கக் கிளம்பிய எவரையும் தலைகுனிய வைக்கக்கூடியது.

தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பெரிய பேனர் கட்டும் பள்ளியில், பொதுத்தேர்வுக்கு முந்தைய வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளின் பெயர் அந்த பேனரில் இருக்காது. விகிதம் என்பது இரண்டு எண்களால் ஆனது. மேலே இருக்கும் எண்ணைத்தான் எல்லோரும் உற்றுப் பார்க்கிறோம். வகுக்கும் எண்ணில் யார் இருக்கிறார்கள், யார் அதற்குள் வரவே இல்லை என்று கேட்பதில்லை.

வகுக்கும் எண்ணை அழகுபடுத்த இன்னொரு வழியும் உண்டு. அது இதைவிடச் சங்கடமானது. கடினமான நோயாளியை வெளியே நிறுத்துவதற்குப் பதிலாக, தேவையற்றவரை உள்ளே கொண்டுவரலாம். பெரிய அடைப்பு இல்லாத தமனியில் வைக்கப்படும் ஸ்டென்ட் அநேகமாகச் சிக்கலின்றி முடியும். நோயாளி அடுத்த நாள் நடந்து வீடு போவார். இறப்பு விகிதம் இறங்கும். மேரிலாந்து மாநிலத்தின் டவ்சன் நகரில் ஒரு மருத்துவமனை, உங்களுக்கு வைக்கப்பட்ட ஸ்டென்ட் தேவையில்லாமல் இருந்திருக்கலாம் என்று 585 பேருக்குக் கடிதம் அனுப்ப நேர்ந்தது; 2010 டிசம்பரில் அமெரிக்க செனட் குழு ஒன்று இதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது. அந்த 585 பேரும் எந்த இறப்புப் பட்டியலிலும் வந்திருக்க மாட்டார்கள். சொல்லப்போனால், அந்தப் பட்டியலை அவர்கள் நல்லபடியாகவே வைத்திருப்பார்கள். சிகிச்சை பிழையின்றி நடந்ததா என்று கேட்கும் அளவுகோல், அது நடந்திருக்கவே வேண்டுமா என்று கேட்பதில்லை.

அதையும் அளக்க முயன்றார்கள். மாரடைப்பின் போது தமனியைத் திறப்பது உயிர் காக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நடந்தால் மட்டும் நெஞ்சு வலிக்கும் நிலையான நோயாளிகளில், ஸ்டென்ட் வைப்பது மருந்தைவிட இறப்பையோ மாரடைப்பையோ குறைப்பதில்லை என்று 2,287 பேரை வைத்து 2007இலும், 5,179 பேரை வைத்து 2020இலும் வெளியான ஆய்வுகள் காட்டின. வலியைக் குறைக்கும், அது சிறிய காரியமும் அல்ல. ஆயுளைக் கூட்டும் என்ற வாக்குறுதிக்குத்தான் ஆதாரமில்லை. இதற்கிடையே 2009இலேயே அமெரிக்க இதயவியல் சங்கங்கள், எந்த நிலையில் இது பொருத்தம், எந்த நிலையில் பொருத்தமில்லை என்று வரையறை வகுத்தன. 2009இன் பிற்பாதியில், அவசரமற்ற நோயாளிகளுக்குச் செய்யப்பட்டவற்றில் பொருத்தமற்றவை 26.2 சதவீதம், 2014இல் அது 13.3 சதவீதமாயிற்று. அவசரமற்ற ஸ்டென்ட்களின் எண்ணிக்கையே மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பாராட்ட வேண்டிய மாற்றம். ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது: சிகிச்சை பெற்றவர்களில் கடுமையான நெஞ்சுவலி உள்ளவர்கள் என்று குறிக்கப்பட்டோர் 2010இல் 15.8 சதவீதமாக இருந்து 2014இல் 38.4 சதவீதம் ஆனார்கள். சரியான நோயாளிகளைத் தேர்ந்தெடுத்ததால் அப்படி ஆகியிருக்கலாம். வலி, நெஞ்சில் கூடுவதற்கு முன் படிவத்தில் கூடியதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

நேரத்தை அளப்பது இவற்றைவிட நேர்மையானதாகத் தோன்றும். கடிகாரத்துக்குப் பக்கச்சார்பு கிடையாது. மாரடைப்போடு வந்தவர் மருத்துவமனை வாசலைத் தாண்டியதிலிருந்து தமனி திறக்கப்படும் வரை 90 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது என்று இலக்கு வைத்தார்கள். அதற்காக மருத்துவமனைகள் தம்மைத் தலைகீழாக மாற்றிக்கொண்டன. நள்ளிரவில் ஒரே அழைப்பில் குழு முழுவதும் திரண்டது. 2005-06இல் 83 நிமிடமாக இருந்த இடைநிலை நேரம் 2008-09இல் 67 நிமிடமானது. மருத்துவமனையில் நிகழ்ந்த இறப்போ 4.8 சதவீதத்திலிருந்து 4.7 சதவீதம், அதாவது மாறவில்லை. 2013இல் இது வெளியானபோது பலர் திகைத்தார்கள். காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று மட்டும் எளிதில் புரிகிறது: கடிகாரம் மருத்துவமனை வாசலில் ஓடத் தொடங்குகிறது, இதயத் தசையோ வீட்டிலேயே சாகத் தொடங்கிவிடுகிறது. வாயு என்று சொல்லிச் சோடா குடித்துப் படுத்த நேரம், யாரை எழுப்புவது என்று தயங்கிய நேரம், ஆட்டோவுக்குக் காத்திருந்த நேரம், முதலில் போன சிறு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்க ஆளில்லாமல் கழிந்த நேரம் ஆகிய எதுவும் யாருடைய மதிப்பெண்ணிலும் இல்லை. மருத்துவமனை தன் கையில் உள்ளதை அளக்கிறது. நோயாளி சாவதோ பெரும்பாலும் யார் கையிலும் இல்லாத இடத்தில்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு முயற்சியைச் சொல்லத்தான் வேண்டும். 2012க்கும் 2014க்கும் இடையே, சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஒரே வலையாக இணைத்து, வந்த இடத்திலேயே ஈ.சி.ஜி. எடுத்து, அனுப்ப வேண்டியவரை அனுப்பி, 2,420 மாரடைப்பு நோயாளிகளை ஓராண்டு வரை பின்தொடர்ந்தார்கள். ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. பெருமைப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் எதை எண்ணினார்கள் என்பதற்காகவே சொல்கிறோம். ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணவில்லை. மாரடைப்போடு அந்த வலைக்குள் வந்தவர்களை எண்ணினார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காதவரும் அந்தக் கணக்கில் ஓர் ஆள். காட்மன் கேட்டதற்கு இதுவே நெருங்கிய பதில்.

அளப்பவர்களைக் குறைசொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இவ்வளவு பாடுபட்டுத் தயாரித்த கணக்கை யார் படித்தார்கள்? பென்சில்வேனியாவில் இதய அறுவை செய்துகொண்டவர்களிடம் கேட்ட ஆய்வு 1998இல் வெளியானது. அறுவைக்கு முன் அந்த அரசு அறிக்கை இருப்பதே தெரிந்தவர்கள் 12 சதவீதம். தன் மருத்துவரின் அல்லது மருத்துவமனையின் மதிப்பீட்டைச் சரியாக அறிந்து, அது தன் முடிவைப் பாதித்தது என்று சொன்னவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. 2004இல் முன்னாள் அதிபர் பில் கிளின்டன் பைபாஸுக்குத் தேர்ந்தெடுத்த மருத்துவமனை, அப்போது கைக்குக் கிடைத்த நியூயார்க் அறிக்கையில் இறப்பு விகிதம் அதிகமாக இருந்தவற்றில் ஒன்று. உலகின் எந்தத் தகவலையும் கேட்டுப் பெறக்கூடியவரும் நம்மைப் போலவே, நல்ல டாக்டர் யார் என்று தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் போயிருப்பார் போலும். அவர் நலமாகத் திரும்பினார். விகிதங்கள் ஒரு தனி மனிதரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

நம் நிலைமை இன்னும் எளியது. நியூயார்க்கைப் போல மருத்துவமனை வாரியாக, மருத்துவர் வாரியாகப் பொதுமக்கள் எடுத்துப் பார்க்கும் கணக்கு நம்மிடம் இல்லை. ‘ரெண்டு பிளாக் இருக்கு, இப்பவே வெச்சிடலாம்’ என்ற சொல்லும், கையெழுத்துக்காக நீட்டப்படும் தாளும், வெளியே பெஞ்சில் இருப்பவர் உள்ளூர உடைந்துபோயிருக்கும் அந்த நேரமும்தான் உண்டு. 2017 பிப்ரவரியில் இந்திய அரசு ஸ்டென்டின் விலைக்கு வரம்பு வைத்தது: மருந்து பூசாததற்கு 7,260 ரூபாய், பூசியதற்கு 29,600 ரூபாய். மருந்து பூசியது அதுவரை லட்சத்துக்கும் மேல் விற்றுக்கொண்டிருந்தது. அந்த நடவடிக்கை நியாயமானது. ஆனால் அந்த ஸ்டென்ட் இந்த ஆளுக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு எந்த அரசிதழிலும் அறிவிக்கை வரவில்லை. விலையைப் பற்றிக் கொதித்த அளவுக்கு நாமும் தேவையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. மாசசூசெட்ஸில் அவசரமற்ற ஸ்டென்டுக்குக் காத்திருந்த நோயாளிகளிடம் கேட்டபோது, 88 சதவீதத்தினர் அது மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கும் என்றே நம்பினார்கள். நல்ல மருத்துவமனை, விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். அடைப்பை எடுத்துவிட்டார்கள் என்பதில் கிடைக்கும் நிம்மதியை, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு தினமும் நடங்கள் என்பது தருவதில்லை. நமக்கு வேண்டியது சிகிச்சை மட்டுமல்ல, ஏதோ ஒன்று செய்யப்பட்டது என்ற ஆறுதலும்கூட. அந்த ஆறுதலுக்கு ஆள் இருக்கும்வரை அதை விற்கவும் ஆள் இருப்பார்கள்.

மருத்துவத் தரத்தை அளக்கும் இன்றைய முறைகளுக்கெல்லாம் அடித்தளம் இட்டவர் அவேடிஸ் டொனபேடியன். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்றாகப் பிரித்துத் தரத்தைப் பார்க்க வேண்டும் என்று 1966இல் எழுதியவர் அவர். பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்தவர். 2000இல் புற்றுநோயாளியாகப் படுத்திருந்த கடைசிக் காலத்தில், தான் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த மருத்துவமனையை உள்ளேயிருந்து பார்க்க நேர்ந்தபோது, முறைகள் தேவைதான், ஆனால் தரத்தின் ரகசியம் அன்பு என்ற பொருளில் பேசினார். அளவுகோல்களை வெறுப்பவர்கள் இதை மேற்கோள் காட்ட விரும்புவார்கள். அவர் அளவுகோல்களைத் துறக்கவில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அன்பு இருக்கிறது என்று நம்பி எண்ணாமல் விட்டால், ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும். எண்ணை மட்டும் நம்பி அன்பை விட்டால், சாகப்போகிறவரை வாசலிலேயே நிறுத்துவதும் நல்ல தரம் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே சௌகரியமான இடம் எதுவும் இல்லை.

அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கணக்கு எது? ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதல்ல, மாரடைப்போடு வந்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது. வைக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது வேண்டியிருந்தது என்பது. வைத்துக்கொண்டவர் எதைப் பெற்றோம் என்று அறிந்திருந்தாரா என்பது. இந்தக் கேள்விகளுக்கான விடைகள் பேனர் கட்டுவதற்கு உதவா. கடினமான நோயாளிகளை ஏற்கும் இடத்தின் எண் எப்போதும் கொஞ்சம் கறுத்தே இருக்கும். எவ்வளவு திறமையாக எடைபோட்டுச் சரிசெய்தாலும் அந்தக் கறை முழுதாகப் போகாது. மருத்துவரிடம் நாம் எதிர்பார்ப்பது, அந்தக் கறை தன் பெயரில் விழும் என்று தெரிந்தும் கதவைத் திறக்க வேண்டும் என்பதைத்தான். அது அவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு அல்ல, சாதாரண நாணயம். ஆனால் அந்த நாணயத்தைக் கோரும் உரிமை நமக்கு வர வேண்டுமானால், நூற்றுக்கு நூறு என்று எழுதிய பேனரைக் கண்டதும் நம்பிக்கை கொள்வதற்கு முன்னால், இந்த நூறுக்குள் யாரை விட்டுவிட்டீர்கள் என்று கேட்க நாமும் பழகியிருக்க வேண்டும். அதுவரை, நாம் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோமோ அதையே அவர்கள் அளந்து காட்டுவார்கள்.